மாதிரி எண் 112

சென்ற வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்தேன். வாழ்த்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. தலைப்பு என்னவென்று கேட்டவர்களிடம் ‘மாட்டு உண்ணி’ என்று சுருக்கமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழுத் தலைப்பு கறவை மாடுகளில் உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகளைப் பற்றியது. ஐதராபாத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்த் தொழுவங்களில் நான்கு ஆண்டுகள் திரிந்து எழுதியது. அதன் நான்காம் இயலில் ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையின் ஒரு வரியைப் பற்றி ஆய்வேட்டில் எழுத இடமில்லை. இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டுக் கறவை மாடுகளை உண்ணிவழித் தாக்கும் இரத்த நோய்களுள் மூன்று முதன்மையானவை: தைலேரியா, பபேசியா, அனாப்ளாஸ்மா. முதலிரண்டும் ஒருசெல் ஒட்டுண்ணிகள். மூன்றாவது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. மூன்றிலும் காய்ச்சல் வரும், மாடு தீனியை வெறுக்கும், பால் வற்றும், இரத்தம் குன்றும். பபேசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்; தைலேரியாவில் தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கணு வீங்கும். தொழுவத்தில் நின்று பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுகள் எப்போதும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் மருந்துகள் வேறு வேறு. பபேசியாவுக்கு டைமினசீன், அனாப்ளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின், தைலேரியாவுக்கு பூபார்வகோன். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றைக் குணப்படுத்துவதில்லை. ஆகவே எந்த ஒட்டுண்ணி என்று கண்டறிவதே பாதி மருத்துவம்.

நான் ஆராய்ந்தது பெரும்பாலும் தைலேரியா அன்னுலாட்டாவை. இதைப் பரப்புவது ஹயலோமா என்னும் பழுப்பு நிற உண்ணி. உண்ணியின் உமிழ்நீரோடு மாட்டின் உடலுக்குள் செல்லும் ஒட்டுண்ணி முதலில் வெள்ளணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. புகுந்த பிறகு அது செய்வது இத்துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரையும் வியப்பில் ஆழ்த்தும். நோயை எதிர்க்க வேண்டிய அந்த வெள்ளணுவையே ஓயாமல் பெருகும்படி அது மாற்றிவிடுகிறது. அணு பிளவுறும்போது பிளவை நடத்தும் இழைகளைப் பற்றிக்கொண்டு தானும் இரண்டாகப் பிரிந்து, பிறக்கும் இரண்டு அணுக்களிலும் குடியேறுகிறது. புற்றுநோயைப் போன்ற பெருக்கம் இது. ஆனால் பூபார்வகோனைச் செலுத்தி ஒட்டுண்ணியைக் கொன்றால், பெருக்கமும் நின்றுவிடுகிறது. ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுவின் உடலில் நீலத் திட்டுகளாக இது தெரியும். ராபர்ட் கோக்கின் பெயரால் ‘கோக்கின் நீலத்துகள்கள்’ என்கிறோம். பின்னர் ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் சென்று சிறுசிறு மோதிரங்களாகத் தங்குகிறது. அன்னுலாட்டா என்ற இலத்தீனச் சொல்லே வளையம் உடையது என்ற பொருளில் வந்ததுதான்.

இனி கதைக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பருவமழை தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்த ஓர் ஆடிக் காலை. செவெள்ளா செல்லும் சாலையில், அந்தப் புகழ்பெற்ற ஆலமரங்களைக் கடந்து, ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். மழை விழுந்து வெயிலும் அடிக்கும் இந்தப் பருவம்தான் உண்ணி பெருகும் காலம்; எனவே மாதிரி சேகரிப்போருக்கு அறுவடைக் காலம். அன்று பதினான்கு மாடுகளில் இரத்தம் எடுத்தேன். கடைசியாகச் சென்றது ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு. அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, ஒரே ஒரு மாடு. ஹோல்ஸ்டீன் கலப்பினம், கறுப்பில் வெள்ளைத் திட்டு, இரண்டாம் ஈற்றுச் சினை, ஏழு மாதம் முடிந்திருந்தது. பால் வற்றி ஓய்விலிருந்த மாடு. ஈன்றதும் காலையும் மாலையுமாகப் பத்து லிட்டருக்குக் குறையாது என்று அந்த அம்மா சொன்னார். மாட்டை வாங்கிய கடனில் இன்னும் பாதி நிற்கிறது என்றும் சொன்னார்.

காது நரம்பில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூச்சு இட்டேன். கழுத்து நாளத்தில் ஐந்து மில்லி எடுத்து உறையாக் குழாயில் அடைத்தேன். குழாயின் மேல் 112 என்று எழுதினேன். பிறகு வழக்கம்போல் மாட்டின் உடலைத் தடவிப் பார்த்துக் களக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இன்றும் அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. ‘உண்ணி: மடி, வாலடி, மிகுதி. முன்தோள் நிணநீர்க் கணு: வலப்புறம் வீக்கம். தீனி: சற்றுக் குறைவு என்கிறார்.’ என் கையெழுத்துத்தான். தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார்: “இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்வாயா, பிட்ட?” தெலங்காணத்தில் பெரியவர்கள் பிள்ளைகளை விளிக்கும் சொல் அது, மகன், மகள் என்ற வேறுபாடு அதற்கில்லை. “சொல்கிறேன் அம்மா, கட்டாயம் சொல்கிறேன்” என்றேன். தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்துக்கு வந்தபின் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். என் ஆய்வின் மையம் பி.சி.ஆர். சோதனை. ஒட்டுண்ணியின் மரபுப்பொருள் மிகச் சிறிதளவே இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். தட்டு நிறையாமல் சோதனையை ஓட்டினால் வேதிப்பொருள் வீண். நிதியுதவியில் அதற்கு இடமில்லை. முதல் தட்டு முடிந்து, இரண்டாம் தட்டின் தொடக்கத்தில் இருந்தது 112. தட்டு நிறைய இன்னும் பல ஊர்கள் போக வேண்டும். குழாயை உறைபெட்டியில் வைத்தேன். கண்ணாடிச் சில்லுகளை மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சாவில் சாயமிட்டு, மரப்பெட்டியில் அடுக்கினேன். நுண்ணோக்கிச் சோதனை பழைய முறை. ஆய்வேட்டில் ஒப்பீட்டுக்காக மட்டுமே தேவை. எல்லாச் சில்லுகளையும் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். இடையில் ஒரு கருத்தரங்கு வந்தது. சுவரொட்டி தயாரிப்பதில் ஒரு வாரம் போயிற்று.

வீங்கிய கணுவை நான் மறந்துவிடவில்லை. அதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. படித்தவர்களிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும். தைலேரியாவிலிருந்து மீண்ட மாடுகள் நெடுங்காலம் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு நலமாகவே வாழும். நம் பகுதிகளில் பி.சி.ஆர். செய்தால், நோயற்ற மாடுகள் பலவற்றிலும் ‘உண்டு’ என்ற முடிவே வரும். ஆகவே 112 நேர்மறையாக வந்தாலும் அதற்குப் பொருள் ‘சுமப்பு மாடு’ என்பதாகவே இருக்கலாம். அந்த அம்மாவை வீணாக அச்சுறுத்துவானேன் என்று எண்ணினேன். ஆனால் இந்த ஐயத்தைத் தீர்க்கக்கூடியது பி.சி.ஆர். அன்று, மரப்பெட்டியில் இருந்த சில்லு. சுமப்பு மாட்டின் சிவப்பணுக்களில் மோதிரங்கள் சில தெரியலாம். வெள்ளணுக்களில் நீலத்துகள்கள் இருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதை நான் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் இரவு, உறக்கம் வராமல் ஆய்வகத்துக்குப் போய்ச் சில்லுகளைப் பார்க்கத் தொடங்கினேன். 112இன் சிவப்பணுக்களில் மோதிரங்கள் இருந்தன. பூச்சின் ஓரத்தில் வெள்ளணுக்களைத் தேடினேன். அரை மணி நேரத்துக்குள் மூன்று வெள்ளணுக்களில் நீலத்துகள்களைக் கண்டேன். ஐயத்துக்கு இடமில்லை. விடியும் வரை காத்திருந்து ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த அம்மாவின் மகன் எடுத்தார். மாடு நான்கு நாள்களுக்கு முன் இறந்துவிட்டது என்றார். காய்ச்சல் என்று எண்ணி மூன்று நாள் ஊசி போட்டார்களாம். மூச்சு இரைத்ததாம். கன்றும் வயிற்றிலேயே போயிற்று.

பூபார்வகோனின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். நானூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஆயிரம் மில்லிகிராம். கடையில் கிடைக்கும் கரைசலில் இருபது மில்லி. தசையில் ஓர் ஊசி. நோயின் தொடக்கத்தில் போட்டால் பெரும்பாலான மாடுகள் பிழைக்கும். இரத்தம் குன்றி, நுரையீரலில் நீர் கோத்தபின் போட்டால் பயன் குறைவு. நான் குறிப்பேட்டில் ‘வீக்கம்’ என்று எழுதிய நாள் தொடக்கம். அன்றிரவே சில்லைப் பார்த்திருந்தால் மறுநாள் மருந்துக்குச் சொல்லியிருக்கலாம். அந்த மாடு கட்டாயம் பிழைத்திருக்கும் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. பிழைப்பதற்கான வாய்ப்பு என் மரப்பெட்டியில் பதினைந்து நாள் கிடந்தது என்று மட்டும் சொல்வேன்.

என் நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “நாம் நோய் பரவலை ஆராய்கிறோம், மருத்துவம் பார்ப்பதாக எங்கும் ஒப்புக்கொள்ளவில்லையே” என்றார். அது உண்மை. விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு நாங்கள் அளித்த விண்ணப்பத்தில் இரத்தம் எடுக்கும் முறை, ஊசியின் அளவு, மாட்டுக்கு வலி நேராதிருக்கச் செய்யும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. முடிவை மாட்டுக்காரருக்கு எத்தனை நாளில் சொல்வோம் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, நாங்களும் எழுதவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, “நீ அந்த அம்மாவிடம் சொல்கிறேன் என்றாயா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அப்படியானால் அது வேறு” என்றார்.

ஐதராபாத்தில் இத்துறையில் இருப்பவர் எவரும் ரொனால்டு ராஸைக் கடந்து போக முடியாது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், இங்கே செகந்திராபாத்தில்தான் அவர் அனோபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். பேகம்பேட்டையில் உள்ள அந்தக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கொசுக்கள் கடித்த நோயாளியின் பெயர் உசேன் கான். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓரணா கொடுக்கப்பட்டது. மாணவப் பருவத்தில் இதை ஒரு சுவையான செய்தியாகத்தான் படித்தேன். 112க்குப் பிறகு வேறு மாதிரி படிக்கிறேன். உசேன் கானுக்கு ஓரணாவாவது கிடைத்தது. நான் இரத்தம் எடுத்த மாடுகளின் உரிமையாளர்களுக்கு நான் கொடுத்தது ஒரு சொல் மட்டுமே. அந்தச் சொல்லையும் தட்டு நிறையட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தேன்.

ராஸுக்கும் நான்கு ஆண்டுகள் முந்தியது எங்கள் மாட்டு உண்ணியின் வரலாறு. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் இருவரும் வெளியிட்ட ஆய்வறிக்கை, டெக்சாஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று நிறுவியது. கணுக்காலி ஒன்று ஒருசெல் ஒட்டுண்ணியைப் பரப்புகிறது என்பதற்கு உலகில் காட்டப்பட்ட முதற் சான்று அதுவே. அவர்கள் செய்த சோதனை எளியது. வேலியிட்ட ஓர் அடைப்பில் தெற்கத்தி மாடுகளை உண்ணியோடு விட்டார்கள். இன்னொன்றில், ஒவ்வோர் உண்ணியையும் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தெற்கத்தி மாடுகளை விட்டார்கள். மற்றொன்றில் மாடுகள் இல்லாமல் உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். மூன்று இடங்களிலும் வடக்கத்தி மாடுகளைச் சேர்த்தார்கள். உண்ணி இருந்த இடங்களில் மாடுகள் நோயுற்றன. பொறுக்கி எடுத்த இடத்தில் நோய் இல்லை. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. உண்ணிதான் காரணம் என்று மாடு வளர்ப்போர் பல ஆண்டுகளாகவே சொல்லிவந்தனர். அறிஞர்கள் அதைப் பாமரர் பேச்சு என்று தள்ளினர். ஸ்மித் அந்தப் பேச்சைக் கேட்டார்.

மாடு இறந்த செய்தி அறிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். போகாமலே இருந்துவிடலாம் என்று இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டபிறகே ஏறினேன். அந்த அம்மா திண்ணையில் இருந்தார். என்னைக் கண்டதும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சில்லில் என்ன இருந்தது, அதை எப்போது பார்த்தேன், எப்போது பார்த்திருக்க வேண்டும் என்று என் அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “அப்படியானால் இது கண்பட்டதில்லை, தீனியில் கோளாறும் இல்லை” என்றார். நான்கு நாள்களாக உறவினர்கள் அவர் போட்ட தீனியைக் குறை சொல்லியிருக்கிறார்கள். காரணம் தெரிந்தது அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் வேண்டியிருந்தது. காலம் கடந்த முடிவுக்கும் ஒரு பயன் இருக்கும் என்று அன்று அறிந்தேன். அது என் பிழையைக் குறைத்துவிடவில்லை.

பிறகு அவர் எழுந்து காலியாக இருந்த தொழுவத்துக்கு அழைத்துப்போனார். மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய சுவர். விரிசல்களுக்குள் ஒரு குச்சியை விட்டு நெம்பினார். பழுப்பு உண்ணிகள் உதிர்ந்தன. “மாட்டின் மேல் மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள். கோமார்லு இருப்பது இங்கே அல்லவா? குடித்துவிட்டு இறங்கிச் சுவரில் ஏறிக்கொள்கின்றன” என்றார். கோமார்லு என்பது அங்கே உண்ணிக்கு வழங்கும் பெயர். ஹயலோமாவின் வாழ்க்கைமுறையை இதைவிடச் சுருக்கமாகப் பாடநூலும் சொல்லாது. நம்மூரில் மாட்டோடு ஒட்டிக்கொண்டே மூன்று பருவங்களையும் கழிக்கும் உண்ணியும் உண்டு; அது ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ். ஹயலோமா அப்படியன்று. இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, விரிசலில் பதுங்கி, தோலுரித்து, அடுத்த பருவத்தில் மீண்டும் மாட்டைத் தேடி வரும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குத் தாயிடமிருந்து தைலேரியா வருவதில்லை. ஒரு பருவத்தில் நோயுள்ள மாட்டிடம் குடித்து, அடுத்த பருவத்தில் இன்னொரு மாட்டுக்குக் கொடுக்கிறது. அந்த இடைவெளியை அது கழிப்பது சுவரில். துனீசியாவில் ஹயலோமாவின் வேறோர் இனத்தை ஒழிக்கத் தொழுவச் சுவர்களைப் பூசி வழவழப்பாக்கும் முறையைக் கையாண்டு பயன் கண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். எத்தனையோ தொழுவங்களில் நின்றும் ஒரு சுவரைக்கூட நெம்பிப் பார்த்ததில்லை.

நாமக்கல் பக்கத்து எங்கள் ஊரில் அம்மிச்சி மாலைதோறும் மாட்டின் அருகில் அமர்ந்து உண்ணி பொறுக்குவார். பொறுக்கியதைச் சாம்பல் கலந்த தணலில் போடுவார். மடியில் பால் இருந்தாலும் உண்ணி இரத்தத்தைத்தான் தேடும் என்று அவர் சொல்வது வழக்கம். அது ஒரு வீட்டு வேலை என்று மட்டுமே அன்று எண்ணினேன். தைலேரியாவைச் சுமக்கும் உண்ணி மாட்டைக் கடித்த உடனே நோயைத் தருவதில்லை. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள்கள் அது குடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் பொறுக்குகிறவர், அறியாமலே, அந்த இரண்டு மூன்று நாள்களுக்குள் கையை நீட்டுகிறார். ஆனால் அன்று எங்கள் தொழுவத்தில் இருந்தது நாட்டு மாடு. நாட்டு மாடுகளும் எருமைகளும் இந்நோயைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அயல்நாட்டு மாடுகளும் கலப்பினங்களும்தாம் மடிகின்றன.

இங்கேதான் எனக்கு நீங்காத ஓர் உறுத்தல் உண்டு. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியை அடுத்துக் கலப்பின மாடு சிற்றூர்தோறும் சென்று சேர்ந்தது. அதன் விந்து திரவ நைட்ரசனில், சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறைந்து வருகிறது. தெலங்காணத்தில் கோபாலமித்ரர்கள் அந்தக் கலனை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். தைலேரியாவுக்குத் தடுப்பூசியும் உண்டு. அதை இதே ஐதராபாத்தில், தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 1982இல் நிறுவிய இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் உருவாக்கி அளித்தது. ஒட்டுண்ணி குடியேறிய வெள்ளணுக்களை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்து, வீரியத்தைக் குறைத்து ஆக்கிய உயிர்த் தடுப்பூசி. உயிருள்ள அணுக்கள் என்பதால் அதற்கும் திரவ நைட்ரசன் வேண்டும். உருகியபின் விரைவில் செலுத்திவிட வேண்டும். அதாவது, நோயைத் தாங்காத மாடும் அந்நோய்க்கான தடுப்பூசியும் ஒரே குளிரில்தான் பயணம் செய்ய வேண்டும். ஒன்று வாசல்வரை வந்துவிட்டது. நான் சென்ற தொழுவங்களில் மற்றதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர் மிகச் சிலர். அந்த அம்மா கேள்விப்பட்டதில்லை. நகரத்திலிருந்து அவர் ஊருக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.

அதன்பின் என் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பி.சி.ஆர். தட்டு நிறையும் வரை காத்திருந்தது. அதில் மாற்றம் செய்ய என்னிடம் பணமில்லை. ஆனால் சில்லுகளை எடுத்த அன்றிரவே சாயமிட்டுப் பார்த்தேன். சாயமிட முக்கால் மணி நேரம், ஒரு சில்லைப் பார்க்க இருபது நிமிடம். களப்பணி நாள்களில் ஆய்வகத்தை விட்டு நள்ளிரவுக்குமுன் கிளம்பியதில்லை. மறுநாள் காலை ஒவ்வொருவரையும் அழைத்து, இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் ‘நான் பார்த்த அளவில் இல்லை’ என்றும் சொன்னேன். மருந்தின் பெயரை நான் சொல்வதில்லை. நான் கால்நடை மருத்துவர் அல்லன். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்து மருத்துவருக்குச் சில்லின் ஒளிப்படத்தை அனுப்பிவைப்பேன். இளம் மருத்துவர் ஒருவர் இதை மிகவும் விரும்பினார். பிறகு தாமே சில்லுகளை அனுப்பத் தொடங்கினார். சில மாடுகள் பிழைத்தன. உரிய நேரத்தில் சொல்லியும் ஒரு கிடேரி இறந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

இதனால் என் ஆய்வு ஏழெட்டு மாதம் நீண்டது. உடன் படித்த நண்பர் ஒருவர், “ஆய்வாளர் வேலையையும் கம்பவுண்டர் வேலையையும் குழப்பிக்கொள்கிறாய்” என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. ஆராய்ச்சிக்கென்று ஒரு தொலைவு வேண்டும்; ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் ஓடினால் பரவல் வரைபடம் முடியாது. அந்த வரைபடம் முடிந்தால்தான் எந்த ஊருக்குத் தடுப்பூசி முதலில் போக வேண்டும் என்று யாரேனும் முடிவு செய்ய முடியும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் முடிவைச் சொல்வதை நாம் மருத்துவம் என்ற கணக்கில் வைப்பதே பிழை என்று இப்போது கருதுகிறேன். அது கடன் என்ற கணக்கில் வரும். இரத்தத்தை நாம் இரவலாகவே வாங்கி வருகிறோம்.

ஆய்வுக்கும் இதனால் ஒரு நன்மை விளைந்தது, நான் எதிர்பாராதது. முடிவைச் சொல்ல அழைக்கும்போது மாட்டின் நிலையையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பி.சி.ஆரில் ‘உண்டு’ என்று வந்தவற்றுள் எவை நோயுற்றன, எவை சும்மா சுமந்தன என்பது அவ்வாறு தெரியவந்தது. என் பழைய அட்டவணையில் நேர்மறை, எதிர்மறை என்று இரண்டே பத்திகள் இருந்தன. புதிய அட்டவணையில் ‘பின்நிலை’ என்று ஒரு பத்தி சேர்ந்தது. நான்காம் இயலில் ஏதேனும் புதுமை இருக்கிறதென்றால் அந்தப் பத்திதான்.

அந்த அட்டவணையில் 112ஆம் வரி: நுண்ணோக்கி, நேர்மறை, பி.சி.ஆர்., நேர்மறை, பின்நிலை, இறப்பு. ஆய்வேட்டைச் சரிபார்த்த நாளில் இந்த வரியில் நெடுநேரம் நின்றேன். முடிவு தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையிலான தாமதம் என்று இன்னொரு பத்தி சேர்க்கலாமா என்று எண்ணினேன். அறிவியல் அட்டவணையில் அதற்குப் பொருத்தமில்லை என்று நெறியாளர் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

களத்துக்குப் புதிதாகச் செல்லும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நெறிமுறை விண்ணப்பத்தில் கேட்கப்படாவிட்டாலும், முடிவை யாரிடம், எத்தனை நாளில், எந்த மொழியில் சொல்வீர்கள் என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள். தட்டு நிறையாவிட்டாலும் சில்லைப் பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் நீங்களே எழுதியதை அன்றிரவு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைத்த மறுநாள் அந்த ஊருக்குப் போய்வந்தேன். அந்த அம்மா இப்போது ஓர் எருமை வைத்திருக்கிறார். தொழுவச் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார். மேல்பாதிக்குப் பணம் போதவில்லையாம். எருமையின் கணுக்களைத் தடவிப் பார்த்தேன், வீக்கமில்லை. காது நரம்பில் ஒரு துளி எடுத்தேன். “இதற்கு என்ன எண்?” என்று கேட்டார். எண் எதுவுமில்லை, ஆய்வு முடிந்துவிட்டது என்றேன். அன்றிரவே சில்லைப் பார்த்துவிட்டு அவரை அழைத்தேன். ஒன்றுமில்லை என்று சொன்னேன். “சரி பிட்ட, போய்த் தூங்கு” என்றார்.